ஈஃபிள் டவர், 674 படி, அப்புறம் எங்கப்பா

போன மே மாசம் லீவுல பாரிஸ் போயிருந்தோம். நான், வீட்டுக்காரர், பொண்ணு (ஏழாவது முடிச்சிருக்கா), பையன் (ரெண்டாவது), கூட எங்க அத்தையும் (வீட்டுக்காரரோட அம்மா). போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பையன் ஈஃபிள் டவர் ஈஃபிள் டவர்னு வீடு பூரா படம் வரைஞ்சு ஒட்டிட்டான், ஆனா நாங்க ஆன்லைன்ல பாக்க உக்காந்தப்போ நாங்க இருக்கற அஞ்சு நாளுக்கும் லிஃப்ட் டிக்கெட் காலி. சரி படியேறிப் போற டிக்கெட்டாவது நேர்ல போய் வாங்கிடலாம்னு கிளம்பிட்டோம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பசங்களோட போறவங்க லிஃப்ட் கிடைச்சாலும் படியிலயே ஏறுங்க. மூட்டு வலி இல்லாதவங்களுக்குத்தான் சொல்றேன். அத்தைக்கு முடியாது, அதனால அவர் அத்தையக் கூட்டிட்டு பக்கத்துல பார்க்ல இருக்கற பெஞ்சுல உக்காந்துட்டாரு, நான் பசங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு தெற்குக் கால்கிட்ட போனேன், படிக்கு வழி அந்தக் கால்லதான். செக்கிங் ரெண்டு தடவை நடக்குது, கண்ணாடி பாட்டில் இருந்தா விட மாட்டாங்க, பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போங்க.

ரெண்டாவது தளம் வரைக்கும் 674 படி. அதுக்கு மேல உச்சிக்கு லிஃப்ட் மட்டும்தான், நாங்க போகல, பொண்ணுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனா ரெண்டாவது தளமே 116 மீட்டர் உயரம், நம்ம மலைக்கோட்டையே 83 மீட்டர்தான். திருச்சிக்குப் போறப்பல்லாம் உச்சிப் பிள்ளையாரப் பாக்க ஏறிப் பழகின பசங்க, அதனால பயமில்லாம ஏறினாங்க. என்ன, மலைக்கோட்டையில சுத்தி பாறை இருக்கும், இங்க சுத்தி வெறும் கம்பியும் காத்தும்தான், கீழ பாத்தா ஆளுங்க எறும்பு மாதிரி. பொண்ணு எண்ணிக்கிட்டே வந்தா, நடுவுல தம்பி பேச்சுக் கொடுத்து கணக்க விட்டுட்டா, அதுக்கு ஒரு சண்டை.

படியில ஏறினா என்னன்னா, அந்த இரும்பு கைக்கெட்டற தூரத்துல கூடவே வருது. தூரத்துல இருந்து பாத்தா லேஸ் பின்னின மாதிரி தெரியறது, கிட்டக்க வந்தா ஒவ்வொரு சட்டமும் எவ்ளோ தடிமன், ஒவ்வொரு சேர்ப்புலயும் வரிசை வரிசையா உருண்டைத் தலையோட ரிவிட்டு. மொத்தம் 18,038 இரும்புத் துண்டு, அதையெல்லாம் சேத்துப் பிடிச்சிருக்கறது 25 லட்சம் ரிவிட்டு. எஃகு கூட இல்ல, ராட் அயர்ன், தமிழ்ல தேனிரும்பு. இந்தப் பேரக் கேட்டதும் பையன் நின்னுட்டான், தேன் எதுக்கும்மா இரும்புலன்னான். எனக்கு பதில் தெரியல, தாத்தாவக் கேப்போம்னேன்.

எங்கப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல 34 வருஷம் இருந்தவரு, பாய்லர் செக்‌ஷன். சின்ன வயசுல எங்களுக்கு ராத்திரிக் கதையே ராஜா ராணி இல்ல, ரிவிட்டு அடிக்கறதுதான். முதல் தளத்துல (57 மீட்டர், தரையில ஒரு பகுதி கண்ணாடி, பையன் அதுல படுத்தே பாத்தான்) கொஞ்சம் உக்காந்துட்டு, ரெண்டாவது தளம் ஏறினதும் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்க மணி மூணே கால் இருக்கும், மத்தியானத் தூக்கத்துல இருந்து எழுந்து வந்தாரு. நான் ஆசை ஆசையா சீன் நதி, தங்கக் கோபுரம் வச்ச இன்வாலித், தூரத்துல குன்று மேல வெள்ளையா சாக்ரே கேர் கோயில் எல்லாம் காட்டினேன். "அதெல்லாம் இருக்கட்டும்மா, அந்தத் தூணுகிட்ட போ, தலையக் காட்டு"ன்னாரு. தலைன்னா ரிவிட்டோட தலை.

அப்புறம் கால் மணி நேரம் தாத்தாவும் பேரனும்தான் பேசினாங்க. செவக்கச் செவக்க காய்ச்சி ஓட்டையில விடணும், ஒருத்தர் காய்ச்ச, ஒருத்தர் தலையப் பிடிச்சு அணை குடுக்க, இன்னொருத்தர் மறுபக்கம் தலை உருட்ட, ஒருத்தர் சம்மட்டி போடன்னு நாலு பேர் வேலை. ஆறும்போது அது சுருங்கும்டா, சுருங்கறப்போ ரெண்டு தகட்டையும் இழுத்துக் கட்டிக்கும், விடவே விடாதுன்னு அப்பா சொல்லச் சொல்ல பையன் அந்த ரிவிட்டத் தடவிக்கிட்டே நின்னான். இந்த டவர் கட்டினப்பவும் நாலு நாலு பேர் குழுவாத்தான் அடிச்சிருக்காங்க. துளையெல்லாம் பாரிஸ் பக்கத்துல லெவல்வாங்கற ஊர்ல இருந்த ஒர்க்‌ஷாப்புல அளவா போட்டு வந்து இங்க கோத்திருக்காங்க, அதனாலதான் 1887 ஜனவரியில ஆரம்பிச்ச வேலை ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் அஞ்சு நாள்ல முடிஞ்சிருக்கு. அதைச் சொன்னதும் அப்பா, "அளவு எடுத்தவன் கைய கண்ணுல ஒத்திக்கணும்"னாரு. தேன் எதுக்குன்னு கேட்டதுக்கு, "அடிச்சா ஒடையாதுடா, வளைஞ்சு குடுக்கும், இரும்புல அது தேன்தான்"னாரு. சரியான விளக்கமா தெரியாது, பையனுக்குப் போதும்.

பொண்ணுக்கு வேற விஷயம் பிடிச்சுது. முதல் தளத்துக்குக் கீழ வெளிப்பக்கமா நாலு பக்கமும் 72 விஞ்ஞானிங்க, இன்ஜினியருங்க பேரு பொறிச்சிருக்கு, கீழ இறங்கினப்புறம்தான் பாத்தோம். ஆம்பியர், கூலும், அட அம்மா இவங்கல்லாம் ஆளுங்களான்னு கேட்டா, அவளுக்கு இதுவரை அது சயின்ஸ் புக்குல வர்ற அளவுதான். அதோட, 72 பேர்ல ஒரு பொம்பளை கூட இல்ல. சோஃபி ஜெர்மைன்னு ஒரு கணித மேதை, வளையற பரப்புகளப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவங்க, இந்த மாதிரி கட்டுமானத்துக்கு அடிப்படையான விஷயம், அவங்க பேரும் இல்ல. எனக்கு அதச் சொல்றப்போ தொண்டை அடைச்சுது. இப்போ பெண் விஞ்ஞானிங்க பேரையும் சேக்கப் போறதா பாரிஸ் நகராட்சி அறிவிச்சிருக்கு, அப்ப நான் மறுபடி வருவேன்னு பொண்ணு சொல்லிட்டா.

பெஞ்சுல அத்தைக்கு அதுக்குள்ள பசி. மெட்ரோ பிடிச்சு லா ஷப்பல் போயிட்டோம், ஈழத்துத் தமிழர் கடைங்க நிறைய இருக்கற பகுதி, போர்டெல்லாம் தமிழ்ல. இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டப்புறம்தான் அத்தை முகம் தெளிஞ்சுது.

ராத்திரி மறுபடி டவர் பாக்க ஆத்துக்கு அந்தப் பக்கம் ட்ரொக்கடேரோ மேடைக்கு வந்தோம். இருட்டினப்புறம் ஒவ்வொரு மணிக்கும் அஞ்சு நிமிஷம் 20,000 பல்பு மினுங்கும், மே மாசத்துல இருட்டவே பத்து மணி ஆகுது, பையன் அவங்கப்பா தோள்ல தூங்கி வழிஞ்சான். மினுங்க ஆரம்பிச்சதும் எழுப்பினோம். கண்ணத் தொறந்து பாத்தான், "அப்பாயி, அது அத்தனையும் தாத்தா அடிப்பாருல்ல, அந்த ரிவிட்டு"ன்னு அத்தைகிட்ட சொல்லிட்டு மறுபடி தூங்கிட்டான்.