ட்வின் டவரிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட்

கோலாலம்பூரை வைத்து அறிவியல் புனைகதை எழுதுபவர்களுக்கு விண்தூக்கி, அதாவது கயிற்றைப் பிடித்து விண்வெளிக்கு ஏறும் லிஃப்ட் மேல் தனி ஆசை. நியாயம்தான், அதற்கு ஏற்ற இடமான நிலநடுக்கோட்டிலிருந்து நாம் 3 பாகைதான் தள்ளி இருக்கிறோம். ஆனால் தயவுசெய்து அதைக் கோபுரம் மாதிரி கீழிருந்து கட்டாதீர்கள். 35,786 கி.மீ உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து கயிற்றை இறக்க வேண்டும். சமநிலை குலையாமலிருக்க, அதே நேரத்தில் எதிர்ப்பக்கமும் கயிறு நீள வேண்டும்.

சிக்கலே அந்தக் கயிறுதான். எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டால் சில பத்து கிலோமீட்டரிலேயே தன் எடை தாங்காமல் அறுந்துவிடும். செயற்கைக்கோள் உயரத்தில் தடித்து, இரு முனையிலும் மெலிகிற மாதிரி செய்யலாம். எஃகில் அந்தத் தடிமன் கற்பனைக்கும் அடங்காது. கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்) கணக்குப்படி தாங்கும். ஆனால் 2013இல் சாதனையாகப் பேசப்பட்ட ஒற்றைக் குழாயின் நீளமே அரை மீட்டர் சொச்சம்!

பலரும் கோட்டை விடுவது பயண நேரத்தில். மணிக்கு 200 கி.மீ வேகத்தில் ஏறினாலும் ஏழு நாளுக்கு மேல் ஆகும். வழியில் பூமியைச் சூழ்ந்திருக்கும் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளை மெதுவாகக் கடக்க வேண்டும், கவசமில்லாத பெட்டியில் ஆளை ஏற்றாதீர்கள். கோலாலம்பூர் அமைந்திருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மின்னல் வேறு இருக்கிறது. அதனால் கீழ்முனையைக் கடலில் நகரும் மேடையில் கட்டுங்கள். இடிமேகம் வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம்.