கரியமில வாயுவை உடைக்க என்ன செலவாகும்

மார்ச் 3
அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் வேதிப் பொறியியல் படிக்கிறான். "சித்தப்பா, அணு அளவிலான நானோ இயந்திரங்களை வைத்துக் காற்றிலிருக்கிற கரியமில வாயுவைக் கரியாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே, ஏன் யாரும் செய்யவில்லை?" என்று கேட்டான். சிங்கப்பூரின் பெட்ரோ வேதித் தொழிற்சாலைகள் இருக்கும் ஜூரோங் தீவில் வேலை பார்ப்பவனுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. எழுதிப் பார்க்கிறேன்.

மார்ச் 5
அணு அணுவாக எடுத்து அடுக்கும் இயந்திரம் என்ற யோசனையை 1986-இல் எரிக் டிரெக்ஸ்லர் பிரபலமாக்கினார். பிடிக்கிற விரல்களும் அணுக்களால் ஆனவைதானே, அணுவைப் பிடிக்க முடியாத அளவு தடிமனாக இருக்கும், பிடித்த அணுவும் ஒட்டிக்கொள்ளும், நடக்காது என்றார் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஸ்மாலி. அந்த இயந்திரம் இன்றும் இல்லை. இருப்பவை வினையூக்கிகள், அதாவது தாம் தீராமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்கள். 1980களில் ஜப்பானில் யோஷியோ ஹோரி செம்பு மின்முனையில் இந்த வாயுவிலிருந்து மீத்தேனும் எத்திலீனும் வரவழைத்தார். 2015-இல் கலிபோர்னியாவில் கோபால்ட் அணுக்கள் பதித்த நுண்துளைச் சட்டகம் கட்டி, தண்ணீரில் வைத்தே அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றினார்கள். எந்த அணு எங்கே உட்கார வேண்டும் என்று மனிதன் தீர்மானித்த வேலை அது, எனக்கு அதில் பெரிய மரியாதை.

மார்ச் 8
சரி, கணக்குக்கு வருவோம். 44 கிராம் வாயுவைக் கரியாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் குறைந்தது 394 கிலோஜூல் வேண்டும், அதாவது டன்னுக்குச் சுமார் 2,490 யூனிட் மின்சாரம். கரி எரிந்தபோது வெளியேறிய ஆற்றலைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம், அதனால் எவ்வளவு நுட்பமான இயந்திரம் வந்தாலும் இதற்குக் கீழே இறங்காது. வினையூக்கி வீண்செலவைத்தான் குறைக்கும். சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது, யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.4 கிலோ கரியமில வாயு. பெருக்கிப் பாருங்கள்: ஒரு டன்னை உடைக்கக் கிட்டத்தட்ட ஒரு டன்னைப் புகைபோக்கி வழியாக விடுகிறோம்! வீட்டுக் கட்டணத்தில் அந்த மின்சாரம் 600 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல். பெரிய ஆலைகள் வெளியிடும் வாயுவுக்குக் கட்டும் கரிம வரியோ 2026, 2027 ஆண்டுகளுக்கு டன்னுக்கு 45 வெள்ளி.

மார்ச் 9
கணக்கைக் காட்டினேன். "சோலார் வைத்தால்?" என்றான். இங்கே தெங்கே நீர்த்தேக்கத்தில் 60 மெகாவாட் சோலார் பலகைகள் மிதக்கின்றனவே, உண்மைதான். ஆனால் அந்த யூனிட் எரிவாயு மின்சாரத்துக்குப் பதிலாக ஒரு வீட்டுக்குப் போனாலே 0.4 கிலோ மிச்சம், உடைக்கப் போனால் இழப்பே இல்லாத இயந்திரத்திலும் அதே 0.4தான். எரிவாயு எரிகிற வரைக்கும் முதலில் வீட்டுக்குப் போகட்டும்.

மார்ச் 12
இன்னொன்று. ஓர் ஆக்சிஜனை மட்டும் கழற்றி மோனாக்சைடில் நிறுத்தினால் 394க்குப் பதில் 283 கிலோஜூல், அதோடு ஹைட்ரஜன் சேர்த்து மெத்தனால் செய்யலாம். இன்று எண்ணெயிலும் எரிவாயுவிலும் தொடங்குகிற எத்தனையோ வேதிப்பொருளுக்கு அது மாற்றுத் தொடக்கம். இறுதியாண்டு புராஜெக்டை இந்தப் பக்கம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.