ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்டுகளைக் கோடிங் இல்லாமல் கிளவுட் டேட்டாபேஸில் சேர்த்த அனுபவம்

எங்கள் ஐடி சப்போர்ட் டீம் ஃப்ரெஷ்சர்வீஸ் என்ற ஹெல்ப்டெஸ்க் மென்பொருளில் வேலை செய்கிறது. ஊழியர்கள் சொல்லும் ஒவ்வொரு பிரச்சினையும் அதில் ஒரு டிக்கெட். அதற்குள்ளேயே ரிப்போர்ட் வசதி உண்டு, அன்றாடத்துக்கு அது போதும். ஆனால் எந்த மாடல் லேப்டாப்புக்கு டிக்கெட் அதிகம் வருகிறது, அதை வாங்கி எத்தனை வருஷம் ஆகிறது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பதில் ஒரே இடத்தில் இல்லை. கொள்முதல் விவரங்கள் சுபாபேஸ் என்ற கிளவுட் சேவையில் உள்ள ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கிடக்கின்றன. டிக்கெட்டுகளும் அங்கே வந்துவிட்டால் ஒரே க்வெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரே கேள்வியில், வேலை முடியும். டீமில் புரோகிராமர் யாரும் இல்லாததால் நோ-கோட் வழியைப் பிடித்தோம். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைத் தானாக அனுப்பும் ஸேப்பியர், என்8என், மேக் மூன்றையும் பார்த்துவிட்டு மேக்கை எடுத்தோம். 2022 வரை இன்டெக்ரோமேட் என்ற பெயரில் இருந்ததே, அதுதான். தரவு எந்த மாட்யூலிலிருந்து (வேலையின் ஒவ்வொரு படியும் ஒரு மாட்யூல்) எதற்குப் போகிறது என்பதைத் திரையிலேயே பார்க்க முடிகிறது என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

இணைப்பு என்னவோ சுலபம்தான். ஃப்ரெஷ்சர்வீஸின் வொர்க்ஃப்ளோ ஆட்டோமேட்டரில் 'டிக்கெட் உருவானால் அல்லது மாறினால்' என்று ஒரு நிகழ்வு, அதற்கு அடுத்து ஒரு வெப்ஹூக், அதாவது நிகழ்வு நடந்ததும் தானாகக் கிளம்பும் செய்தி. அது மேக்கில் உள்ள முகவரிக்குப் போகும், மேக் அதை சுபாபேஸுக்கு அனுப்பும். அந்த வெப்ஹூக் முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் அதற்குத் தரவு அனுப்பலாம் என்பதால், ஒரு ரகசியச் சொல்லைச் செய்தியோடு போகும் ஹெட்டரில் வைத்து, அது இல்லாமல் வருவதை மேக்கின் ஃபில்டரில் தடுத்துவிட்டோம். மேக் ஃப்ரெஷ்சர்வீஸிடம் நேரடியாகத் தரவு கேட்கும் வழிதான் ஏபிஐ, அதற்கு ஒரு ரகசியச் சாவி வேண்டும். அந்த ஏபிஐ கீ என்பது ஒரு ஏஜென்ட்டின், அதாவது சப்போர்ட் ஊழியரின், கணக்கோடு ஒட்டியது. அந்த ஆள் வேலையை விட்டுப்போய்க் கணக்கை மூடினால் கீயும் செத்துவிடும். ஆட்டோமேஷனுக்கென்றே தனி ஏஜென்ட் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லைசென்ஸ் செலவாகும், பரவாயில்லை.

முதல் தலைவலி டேட்டாபேஸ் பக்கம். சோதனைக்காக டேபிளில் கையால் ஒரு வரியைப் போட்டுவிட்டு, அதன் நிலையை மேக்கிலிருந்து மாற்றிப் பார்த்தேன். எல்லா மாட்யூலிலும் பச்சை டிக், பிழை எதுவும் இல்லை. டேபிளில் அந்த வரி மட்டும் இருந்தபடியே இருந்தது. எந்த வரியை யார் பார்க்கலாம், மாற்றலாம் என்று கட்டுப்படுத்தும் போஸ்ட்கிரெஸின் ரோ லெவல் செக்யூரிட்டி இப்படித்தான் நடந்துகொள்ளும். பாலிசி, அதாவது அனுமதி விதி, எதுவும் இல்லாமல் அதை இயக்கி வைத்தால், புது வரி சேர்க்கும்போது பிழை வந்துவிடும். ஆனால் இருக்கும் வரியை மாற்றச் சொன்னால், மேக்கில் நாங்கள் போட்டிருந்த சுபாபேஸின் பொதுவான கீயின் கண்ணுக்கு வரியே தெரியாததால் 'பொருந்தும் வரி பூஜ்யம், வேலை முடிந்தது' என்று நல்லபடியாகப் பதில் வரும். பொதுவான கீக்குப் பதிலாக சர்வீஸ் ரோல் கீயைப் போட்டதும் சரியானது. அந்தக் கீ எல்லா டேபிளையும் திறக்கும். அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. மேக்கைத் தவிர வேறெங்கும் அதை வைக்கவில்லை.

அடுத்தது, ஒரே டிக்கெட் பல வரிகளாக வருவது. டிக்கெட் ஒவ்வொரு முறை மாறும்போதும் வெப்ஹூக் வரும். பதில் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால் அனுப்பியதே மறுபடியும் வரலாம், எந்தக் கருவியிலும் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். தீர்வு, டிக்கெட் எண்ணையே பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியான அடையாளம்) ஆக்கி, இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் சேர் என்று ஒரே கட்டளையாக எழுதுவது. அப்சர்ட் என்பார்கள். போஸ்ட்கிரெஸில் இது 2016 ஜனவரியில் வெளியான 9.5 பதிப்பில் வந்தது. மேலே சொன்ன ரோ லெவல் செக்யூரிட்டியும் அதே பதிப்பில் வந்ததுதான். முதலில் தேடு, கிடைத்தால் மாற்று, கிடைக்காவிட்டால் சேர் என்று மேக்கில் மூன்று மாட்யூலாகவும் வரையலாம். ஆனால் தேடுவதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் இன்னொரு ஓட்டம் புகுந்துவிட்டால் மறுபடி பழைய கதைதான். இந்தப் பொறுப்பை டேட்டாபேஸிடமே விட்டுவிடுவது நல்லது.

டிக்கெட் எண்ணிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐஎன்சி-1042 என்று முன்னொட்டோடு ஒரு உருவம், வெறும் 1042 என்று இன்னொரு உருவம். ஏபிஐ கேட்பது வெறும் எண்ணை, ஆகவே வெப்ஹூக்கிலும் அதையே அனுப்புங்கள்.

அதிக நேரம் பிடித்தது வரிசை மாறும் பிரச்சினை. ஒருவர் டிக்கெட்டைத் தன் பெயருக்கு எடுத்து, அடுத்த நொடியே 'தீர்ந்தது' என்று போடுகிறார். இரண்டு வெப்ஹூக் கிளம்புகின்றன. இரண்டும் மேக்கில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இரண்டாவது முந்திக்கொண்டு எழுதிவிட்டால், பிறகு முதலாவது வந்து பழைய நிலையை அதன்மேல் எழுதிவிடும். ஹெல்ப்டெஸ்கில் மூடிய டிக்கெட் டேபிளில் திறந்தே கிடக்கும். அப்சர்ட் இதற்கு உதவாது, அதற்கு எது புதியது என்று தெரியாது.

இதற்கு நாங்கள் செய்தது, வெப்ஹூக்கை வெறும் அழைப்பு மணியாக மாற்றியது. மணி அடித்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், யாரென்று கதவைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். வெப்ஹூக்கில் டிக்கெட் எண் மட்டும் வரும். மேக் அந்த எண்ணை வைத்து ஏபிஐயில் டிக்கெட்டின் இப்போதைய நிலையைக் கேட்டு வாங்கி, அதை எழுதும். பழைய செய்தி தாமதமாக வந்தாலும் புதிய நிலைதான் எழுதப்படும். அப்போதும் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது: ஒரு ஓட்டம் பழையதைப் படித்துவிட்டு எழுதாமல் நிற்கும்போது இன்னொன்று புதியதை எழுதிவிடலாம். அதனால் ஓட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் நடக்கும்படி சினாரியோ (மேக்கில் நாம் வரையும் முழு வேலைத்தொடர்) அமைப்பில் ஒரு தேர்வையும் போட்டோம். வேகம் கொஞ்சம் குறைந்தது. மாத ரிப்போர்ட்டுக்கு அதனால் என்ன?

இதற்கு விலை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடுதலாக ஒரு ஏபிஐ அழைப்பு. நிமிடத்துக்கு இத்தனை என்று வரம்பு உண்டு. தாண்டினால் 429 என்ற பதில் வரும், எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதும் ஹெட்டரில் வரும். மேக்கில் பிரேக் என்ற எரர் ஹேண்ட்லரை அந்த மாட்யூலில் மாட்டிவிட்டால், நின்றுபோன ஓட்டத்தைச் சேமித்து வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். முடியாத ஓட்டங்களைச் சேமிக்க சினாரியோ அமைப்பில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

பழைய டிக்கெட்டுகளை ஏற்றுவது வேறு வேலை. ஏபிஐயில் டிக்கெட் பட்டியல் கேட்டால் வழக்கமாகக் கடைசி 30 நாட்களில் உருவானவை மட்டும்தான் வரும். இது ஃப்ரெஷ்சர்வீஸின் ஆவணத்திலேயே இருக்கிறது. எந்தத் தேதிக்குப் பிறகு மாறியவை வேண்டும் என்று சொன்னால் பழையவையும் வரும். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 100. அந்த நூறையும் தனித்தனியாக எழுதினால் எழுதும் மாட்யூல் நூறு முறை ஓடும், நூறும் மேக்கின் பயன்பாட்டுக் கணக்கில் ஏறும். அக்ரிகேட்டர் என்ற மாட்யூலில் ஒன்றாகக் கட்டி ஒரே கோரிக்கையில் அனுப்பினால் ஒன்றுதான். சுபாபேஸின் ரெஸ்ட் ஏபிஐ இப்படி மொத்தமாக வரும் அப்சர்ட்டை ஏற்கும். எல்லா வரியிலும் அதே ஃபீல்டுகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதைக் கொண்டுவருவது என்பதிலும் ஒரு முடிவு எடுத்தோம்: டிக்கெட்டின் விவரணையை எடுக்கவே இல்லை. சப்போர்ட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், 'என் பாஸ்வேர்ட் இது, கொஞ்சம் பாருங்கள்' என்று எழுதுபவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அதை இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை. நிலை எண்களாக வருகிறது: 2 திறந்தது, 3 நிலுவை, 4 தீர்ந்தது, 5 மூடியது. பெயர்களுக்குச் சின்னதாக ஒரு டேபிள் போட்டோம். நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியிலேயே வைத்துக்கொண்டு, ரிப்போர்ட் எடுக்கும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுகிறோம்.

அப்புறம், வெப்ஹூக்கை மட்டும் நம்பி இருக்க முடியாது. தினமும் இரவில் இன்னொரு சினாரியோ, முந்தைய நாளிலிருந்து மாறியவற்றை மொத்தமாகக் கேட்டு அப்சர்ட் செய்கிறது. நழுவிய டிக்கெட் இருந்தால் அதில் வந்துவிடும். அழித்த டிக்கெட்டுகள் சாதாரணப் பட்டியலில் வராது, அதற்குத் தனி ஃபில்டர் இருக்கிறது. அவற்றை டேபிளிலிருந்து நீக்காமல் 'அழிக்கப்பட்டது' என்று குறி மட்டும் போடுகிறோம்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் நாங்கள் ஆசைப்பட்ட அந்த லேப்டாப் க்வெரியைப் போட்டால் பாதி காலி. டிக்கெட்டோடு அசெட்டை, அதாவது சம்பந்தப்பட்ட லேப்டாப்பை, இணைத்தால்தானே இரண்டு டேபிளும் சேரும்? பெரும்பாலான டிக்கெட்டில் அதை யாரும் இணைத்திருக்கவில்லை. இப்போது அசெட்டைத் தேர்ந்தெடுக்காமல் டிக்கெட்டை மூட முடியாதபடி விதி வைத்திருக்கிறோம். பழைய டிக்கெட்டுகளுக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று மேலிடத்தில் இன்னும் யாரும் கேட்கவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை.