டாலர் ஏறினால் நமக்கு லாபம், ஃபண்ட் ஏன் இறங்குகிறது?

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் டாலர் ஏறினால் பல வீடுகளில் சந்தோஷம்தான். துபாய் திர்ஹாமும் சவுதி ரியாலும் டாலரோடு கட்டப்பட்டவை, ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம், 3.75 ரியால் என்று பல வருடமாக அசையாமல் நிற்கின்றன. அதனால் ரூபாய் சரிந்தால் துபாயிலிருந்து வரும் அதே சம்பளம் இங்கே கூடுதலாகக் கைக்கு வரும். அந்தப் பணத்தில் எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் ஒரு தொகை, போடுகிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, டாலர் ஏறுனா லாபம்தானே, பிறகு ஏன் என் ஃபண்ட் மட்டும் இறங்குது?"

வெளிநாட்டு முதலீட்டாளரின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். டாலர் 80 ரூபாயாக இருக்கும்போது 100 டாலர் கொண்டுவந்து 8,000 ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறார் என்று வையுங்கள். பங்கு 10 சதவீதம் ஏறி 8,800 ஆகிறது, ஆனால் அதற்குள் டாலர் 88 ஆகிவிட்டது. திருப்பி மாற்றினால் அதே 100 டாலர்தான். நம் கண்ணுக்கு நல்ல லாபம், அவருக்கு ஒரு பைசா கிடையாது. 2023 ஜூலையில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட்டின் வட்டி 5.25–5.50 சதவீதத்துக்குப் போனது; அங்கே அரசுப் பத்திரத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே ஐந்து சதவீதம் கிடைக்கும் என்றால் இங்கே ஏன் இருப்பார்? விற்பார். விற்ற ரூபாயை டாலராக மாற்றுவார், அதனால் ரூபாய் இன்னும் சரியும், அதைப் பார்த்து அடுத்தவரும் விற்பார். இப்படி எல்லோரும் விற்கும்போது பங்கு விலை இறங்கும், அந்தப் பங்குகளை வைத்திருக்கும் ஃபண்டும் இறங்கும்.

இதைத் தடுக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்கும். பலர் கவனிக்காத இடம் இதுதான்: டாலரை விற்றால் ஈடாக வங்கிகளிடமிருந்து ரூபாய் ரிசர்வ் வங்கிக்குள் போய்விடும், வங்கிகளின் ரூபாய்க் கையிருப்பு இறுகும், குறுகிய கால வட்டி ஏறும். முதல் அடி வங்கி, நிதி நிறுவனப் பங்குகளுக்கு. 2013 மே மாதம் ஃபெட் தலைவராக இருந்த பெர்னான்கி, சந்தையில் பணம் விடுவதற்காகப் பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று பேசியதுமே நம் ரூபாய் ஆட ஆரம்பித்தது. ஜூலையில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கு அவசரத்துக்குக் கொடுக்கும் ஒரு நாள் கடனின் வட்டியை (எம்எஸ்எஃப்) ஒரே அடியாக 10.25 சதவீதமாக்க, வங்கிப் பங்குகள் மடமடவென்று விழுந்தன. அப்படியும் ஆகஸ்ட் கடைசியில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பரில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக வந்து, வெளிநாடுவாழ் இந்தியர்களின் டாலர் டெபாசிட்டுக்குச் சலுகை கொடுத்துச் சுமார் 2,600 கோடி டாலர் திரட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

அமெரிக்கா மட்டும்தான் என்றும் இல்லை. 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை வெறும் 0.25 சதவீதத்துக்கு உயர்த்தியது. மலிவாக யென் கடன் வாங்கி உலகமெங்கும் முதலீடு செய்தவர்கள் அவசரமாக விற்க, அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கும் மோசமாக வந்து சேர, ஆகஸ்ட் 5 அன்று ஜப்பான் பங்குக் குறியீடான நிக்கேய் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நம் சென்செக்ஸும் 2,200 புள்ளிகள் போனது.

சரி, ரூபாய் சரிந்தால் எல்லாப் பங்கும் விழுமா? விழாது. டாலரில் சம்பாதிக்கும் ஐடி, மருந்து ஏற்றுமதி கம்பெனிகளுக்கு அது நல்லதுதான். கச்சா எண்ணெயும் பாமாயிலும் இறக்குமதி செய்பவர்களுக்குத்தான் திண்டாட்டம். மெதுவாகச் சரிந்தால் சந்தை தாங்கிக்கொள்ளும், சில வாரத்தில் சடாரென்று சரிந்தால்தான் பயம் வரும்.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: உன் வீட்டு வருமானமே டாலர் பக்கம் நிற்கிறது, ஃபண்டையும் ஐடியில் மட்டும் குவித்தால் ரூபாய் வலுக்கும் வருடத்தில் இரண்டும் சேர்ந்து இறங்கும். உள்நாட்டு வியாபாரத்தை நம்பி ஓடும் கம்பெனிகளும் அதில் இருக்கட்டும், ஃபண்ட் இறங்கும் மாதத்தில் திர்ஹாம் கூடுதலாகத் தரும்போது எஸ்ஐபியை மட்டும் நிறுத்தாதே.