போட்டோகிராஃபர் லேப்டாப்புக்கு டிரைவ் வாங்கிய அனுபவம்: பெட்டியில் எழுதியிருக்காத விஷயங்கள்

ஸ்டுடியோ லேப்டாப்புக்கு 2 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி ஒன்று, பேக்கப்புக்கு 5 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் இரண்டு. கல்யாண சீசனுக்கு முன்னால் ஒருவழியாக எல்லாம் வந்து சேர்ந்து, இப்போது வேலை ஓடுகிறது. ஆனால் கடைக்காரரும் சர்வீஸ் சென்டர் கவுன்டர்க்காரரும் இழுத்தடித்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அடுத்து வாங்கப்போகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கொள்ளளவுக் கணக்கில் சிக்கல் எதுவும் இல்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் தரம் குறையாத சுருக்கத்தில் எடுக்கும் ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த மூலப் படம்) ஒன்று 25 முதல் 30 எம்பி. முகூர்த்தமும் ரிசப்ஷனும் சேர்ந்து இரண்டு கேமராவில் 3,500 ஃப்ரேம் என்றால் ஏறக்குறைய 100 ஜிபி. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பிட்ரேட்டில் 4கே வீடியோ எடுத்தால் மணிக்கு 45 ஜிபி தனி. 2 டிபி டிரைவ் விண்டோஸில் 1.81 என்றுதான் காட்டும். அது குறைபாடு இல்லை, எண்ணும் முறை வேறு.

வேகத்தில்தான் முதல் தகராறு. பெட்டியில் நொடிக்கு 1,050 எம்பி என்று போட்டிருந்த எஸ்எஸ்டி, லேப்டாப்பில் 38-ஐத் தாண்டவில்லை. "உங்க லேப்டாப் பழசு சார், இதுக்கு மேல போகாது" என்று கடையில் முடித்துவிட்டார்கள். லேப்டாப்பில் இருந்தது 10 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 10 கிகாபிட்) போர்ட். கோளாறு கேபிளில். பெட்டியைப் பிரித்து டெமோ காட்டியபோது கூட வந்த கேபிள் மாறிப்போய், போன் சார்ஜர் கேபிள் உள்ளே வந்திருந்தது. டைப்-சி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். போனோடு வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு மேல் போகாது.

எந்த எண் வருகிறது என்பதை வைத்தே எங்கே பிடிக்கிறது என்று சொல்லிவிடலாம். 35 முதல் 40 எம்பி வந்தால், எங்கோ யுஎஸ்பி 2.0-க்கு இறங்கியிருக்கிறது. 400 முதல் 450 வந்தால் 5 ஜிபிபிஎஸ் இணைப்பு. 900 முதல் 1,000 வந்தால் 10 ஜிபிபிஎஸ் முழுதாகக் கிடைக்கிறது. யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒரே 5 ஜிபிபிஎஸ்தான், பெயரை மட்டும் மாற்றி மாற்றி அச்சிடுகிறார்கள். பழைய சதுர டைப்-ஏ போர்ட்டில் இன்னொரு தொல்லை உண்டு. பிளக்கை மெதுவாகச் செருகினால் முன்வரிசையில் இருக்கும் 2.0 முனைகள் முதலில் தொட்டு, அந்த வேகத்திலேயே நின்றுவிடுவதுண்டு. கழற்றி, ஒரே அழுத்தாகச் செருகிப் பாருங்கள்.

20 ஜிபிபிஎஸ் என்று போட்ட டிரைவுக்குக் கூடுதல் காசு கேட்டால், லேப்டாப்பில் யுஎஸ்பி 3.2 ஜென் 2x2 போர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்டர்போல்ட் என்ற வேகமான போர்ட் உள்ள மேக்புக் பலவற்றில்கூட அந்த டிரைவ்கள் 10 ஜிபிபிஎஸ்ஸில்தான் ஓடும். சொல்லப்போனால் நம் வேலைக்கு 10 தாராளம். யுஎச்எஸ்-1 மெமரி கார்டிலிருந்து நொடிக்கு 90 எம்பி அளவில்தான் வெளியே வரும், 100 ஜிபியை இறக்க 19 நிமிடம் போல ஆகும். யுஎச்எஸ்-2 கார்டும் அதற்கேற்ற ரீடரும் இருந்தால் அது 7 நிமிடமாகக் குறையும். வேகம் வேண்டுமென்றால் பணத்தை ரீடரில் போடுங்கள், மிச்சத்தை இரண்டாவது பேக்கப் டிரைவில் போடுங்கள்.

இதைவிட மோசமானது, தொடங்கும்போது ஓடி நடுவில் படுத்துவிடும் எஸ்எஸ்டி. ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும், விலை குறைந்த க்யூஎல்சி டிரைவ்கள் காலி இடத்தில் ஒரு பகுதியை வேகமான தற்காலிகக் கிடங்காக (கேஷ்) வைத்துக்கொள்ளும். அது நிரம்பும் வரை 900 எம்பி. நிரம்பியதும் 100-க்கும் கீழே, சில நேரம் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே. கடையில் க்ரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டிக் காட்டுவதில் பிரயோஜனம் இல்லை, அது வழக்கமாக 1 ஜிபிதான் எழுதிப் பார்க்கும், கேஷுக்குள்ளேயே முடிந்துவிடும். 150, 200 ஜிபி ரா ஃபோல்டர் ஒன்றை ஒரே மூச்சில் காப்பி போட்டு, டாஸ்க் மேனேஜரில் வேகக் கோடு எங்கே சரிகிறது என்று பாருங்கள். டிரைவ் நிரம்ப நிரம்ப கேஷும் சுருங்கும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும்.

இந்தச் சோதனையை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் செய்தால் இன்னொரு பயனும் கிடைக்கும். டிரைவை முழுதாக நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடும். போலி டிரைவ் அதிலேயே மாட்டிக்கொள்ளும். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று விற்பதை உடைத்துப் பார்த்தால், உள்ளே ஒரு மெமரி கார்டும் ரீடரும் பசை போட்டு ஒட்டியிருக்கும். உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி 16 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். உண்மையான அளவு தீர்ந்த பிறகும் காப்பி ஆவதுபோலவே காட்டும், ஃபைல் பெயரும் தெரியும், திறந்தால் படம் இருக்காது. மேக்கில் இதே வேலைக்கு எஃப்3 இருக்கிறது. 2 டிபி எஸ்எஸ்டிக்குச் சில மணி நேரம் போதும். 5 டிபி ஹார்ட் டிஸ்க்கில் எழுதி முடிக்கவே அரை நாளுக்கு மேல் ஆகும். ஆகட்டும், ரிட்டர்ன் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். 5 டிபி போன்ற பெரிய 2.5 இன்ச் டிரைவ்களில் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் முறைதான் பரவலாக இருக்கிறது. பெட்டியில் அதைப் போட மாட்டார்கள். முதலில் 120, 130 எம்பியில் போகும். பிறகு 20, 30-க்கு இறங்கி, நடுநடுவே அப்படியே நிற்கும். ஹேங் ஆகிவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், உள்ளே அடுக்கிக்கொண்டிருக்கிறது. பேக்கப்புக்கு இது பரவாயில்லை. லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளின் கேட்டலாகை (திருத்தங்களைக் குறித்து வைக்கும் ஃபைல்) அதில் வைத்து எடிட் செய்தால் பொறுமை போய்விடும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் தனி பவர் இல்லாத ஒரே ஹப்பில் மாட்டாதீர்கள். யுஎஸ்பி 3.0 போர்ட் தருவது 900 மில்லிஆம்ப், அதை இரண்டும் பங்கு போட்டால் டிக் டிக் என்று சத்தம் வந்து இணைப்பு அறுந்துபோகும்.

அப்படி ஹப் எதுவும் இல்லாமல், நேராக மாட்டியும் காப்பி நடுவில் கழன்று கழன்று விழுந்தது ஒரு டிரைவ். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. கடையில் கேட்டால் "சர்வீஸ் சென்டர் போங்கண்ணே, அவங்கதான் பார்ப்பாங்க." அங்கே டோக்கன் போட்டு உட்கார்ந்து முறை வந்ததும், சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இந்தியாவுக்கு வந்த யூனிட் இல்ல சார், வாரன்டி வராது" என்று டிரைவைத் திருப்பித் தள்ளினார்கள். வேறு நாட்டுச் சந்தைக்குப் போன சரக்கு. மறுபடி கடைக்குப் போனால், "நாங்க குடுத்தது இது இல்லண்ணே, பெட்டி மாறியிருக்கும்" என்று ஆரம்பித்தார்கள். வாங்கும்போதே ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதி, கடை முத்திரை போட்டு வாங்கி வைத்திருந்தோம். அந்தத் தாளை மேஜையில் வைத்ததும் பேச்சு நின்றது. வேறு டிரைவ் எடுத்துக் கொடுத்தார்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம் என்று கடையிலேயே சொல்வார்கள். அந்த மிச்சம் வேண்டாம். பெட்டியின் வெளியிலேயே சீரியல் நம்பர் இருக்கும், கடை வாசலில் நின்றே தயாரிப்பாளர் தளத்தில் போட்டு எந்த நாடு, எதுவரை வாரன்டி என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டிரைவில் இருக்கும் நம்பரும் பெட்டியில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

வாரன்டி கிடைத்தாலும் கிடைப்பது மாற்று டிரைவ் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் சரிசெய்து திருப்பி அனுப்பியது. பழையது அவர்களிடமே போய்விடும், அதில் இருந்த படங்களும் சேர்ந்து போகும். அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படம் யார் கைக்குப் போகிறது என்றே தெரியாது. முதல் நாளே, கீ இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி என்க்ரிப்ட் செய்வது அதற்காகத்தான். அதற்கு விண்டோஸில் இருக்கும் பிட்லாக்கர் போட்டால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் அச்சிட்டு வீட்டில் வையுங்கள். அதே டிரைவில் சேமித்து வைத்தால் உபயோகம் இல்லை.

ஃபார்மட்டில் கடைக்காரர்கள் எல்லாரும் எக்ஸ்ஃபேட்தான் போட்டுத் தருகிறார்கள், மேக்கிலும் விண்டோஸிலும் ஓடும் என்று. ஓடும்தான். ஆனால் அதில் ஜர்னல், அதாவது செய்யும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு, கிடையாது, எழுதும்போது கேபிள் பிடுங்கினாலோ கரன்ட் போனாலோ ஃபோல்டர் அமைப்பே குலையலாம். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், மேக் மட்டும் என்றால் ஏபிஎஃப்எஸ். என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும், தனி மென்பொருள் இல்லாமல் எழுதாது. மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்குக் கொடுத்தால் எக்ஸ்ஃபேட் டிரைவை அழித்துவிட்டு ஃபார்மட் செய்யக் கேட்கும். படம் இருக்கும் டிரைவில் தெரியாமல் சரி என்று அழுத்திவிடாதீர்கள்.

கார்டிலிருந்து காப்பி மட்டும் போடுங்கள், கட்-பேஸ்ட் வேண்டவே வேண்டாம். டெராகாப்பி போன்ற, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வசதியுள்ள மென்பொருளில் போட்டு, இரண்டு இடத்தில் சேர்ந்த பிறகே கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். விண்டோஸின் காப்பி கட்டளையான ரோபோகாப்பி பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணையத்தில் எல்லாரும் /எம்ஐஆர் போடச் சொல்வார்கள். அது மூலத்தில் இல்லாததைப் பேக்கப்பிலிருந்தும் அழித்துவிடும். லேப்டாப்பில் தவறி டெலிட் ஆன ஃபோல்டர், அன்றிரவே பேக்கப்பிலும் காணாமல் போகும். காப்பி மட்டும் போடும் /இ போதும்.

லைட்ரூம் கிளாசிக்கை மூடும்போது பேக்கப் எடுக்கவா என்று கேட்பதைப் பலரும் படங்களின் பேக்கப் என்று நம்பியிருக்கிறார்கள். அது கேட்டலாக் மட்டும். நீங்கள் செய்த திருத்தங்கள் அதில் இருக்கும், படம் ஒன்றுகூட இருக்காது. இம்போர்ட் செய்யும்போது இரண்டாவது காப்பி என்று வரும் வசதி அதற்கு நேர் எதிர், மூலப் படம் போகும், பிறகு செய்யும் திருத்தம் போகாது. இரண்டும் வேண்டும்.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர்தான். எல்லாரும் வெளியிடத்தில் வைக்கும் அந்த ஒன்றைத்தான் தள்ளிப்போடுகிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னையில், தரைத்தள ஸ்டுடியோவின் ஒரே அலமாரியில் மூன்று டிரைவையும் வைப்பது பேக்கப்பே ஆகாது. இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வேறு வீட்டில், மாடியில் இருக்கட்டும். கிளவுடில் 100 ஜிபி ரா ஏற்ற, 40 எம்பிபிஎஸ் அப்லோடு தடையில்லாமல் கிடைத்தாலும் ஐந்தரை மணி நேரம். தேர்ந்தெடுத்த ஜேபெக்கும் கேட்டலாகும் மட்டும் ஏற்றினால் போதும். வருடக்கணக்கில் அலமாரியில் தூங்கப்போகும் பிரதிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். தேய்ந்த எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் கரன்ட் இல்லாமல் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் சிப் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரம் கேட்கும் அளவு. நம் ஊர் வெயிலில் பூட்டிய அறை 30 டிகிரியோடு நிற்பதில்லை.

சில மாதங்களுக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கை மாட்டி டிரைவின் உடல்நிலையைக் காட்டும் க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில், கெட்டுப்போன, கெடப்போகும் பகுதிகளின் கணக்கைச் சொல்லும் 05, சி5, சி6 வரிசைகளைப் பாருங்கள். சி5-இல் பூஜ்யம் தவிர எது வந்தாலும், உடனே விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கட்டளையான செக்டிஸ்க் /ஆர் ஓட்டச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். அது டிரைவ் முழுவதையும் துருவிப் படிக்கும், சாகப்போகும் டிரைவ் அதிலேயே செத்துவிடலாம். வேறு பிரதி இல்லாத ஃபோல்டர்களை முதலில் வெளியே எடுத்துவிட்டு, பிறகு செக்டிஸ்க்கோ சர்வீஸ் சென்டரோ பார்த்துக்கொள்ளுங்கள்.