மைலுக்கு இரண்டு பெயர்

1862 நவம்பரில் சுமார் 1,700 டகோட்டா பழங்குடி மக்களை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், அமெரிக்க ராணுவம் மினசோட்டாவின் ஸ்னெல்லிங் கோட்டைக்கு நடத்திச் சென்றது. வழியிலுள்ள ஊர்களில் அவர்களுக்கு அடி விழுந்தது. கோட்டையடி முகாமில் குளிரும் தட்டம்மையும் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன.

2002 முதல் 2012 வரை, இரண்டாண்டுக்கு ஒருமுறை, நவம்பர் 7 முதல் 13 வரை வாரிசுகள் அந்த 150 மைலையும் நினைவுநடையாக நடந்தார்கள். மைலுக்கு ஒரு மரக்கழி. அதில் சிவப்புத் துணி, 1862-இல் நடத்திச் செல்லப்பட்ட இரண்டு குடும்பத் தலைவர்களின் பெயர். கழியை ஊன்றி, பெயர்களை உரக்கப் படித்து, புகையிலை இட்டுப் பிரார்த்தித்தார்கள். பிறகு அடுத்த மைல்.

மொத்தப் பட்டியலையும் ஓரிடத்தில் நின்று வாசித்திருந்தால் காதில் ஒரு பெயரும் தங்காது. இங்கே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மைல் நடை கிடைத்தது.