வடசென்னையில் வதந்தி ஆய்வு: எத்திக்ஸ் கமிட்டி முதல் காசிமேடு வரை

களப்பணி ஒருவழியாக முடிந்தது. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை மக்கள் எதை வைத்து நம்புகிறார்கள் என்பது என் பிஎச்டி தலைப்பு. களம் காசிமேட்டில் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரையிலான கடலோரக் குப்பங்கள். பதிவு, கோர்ஸ் வொர்க், ஆய்வை மேற்பார்வையிடும் டாக்டரல் கமிட்டி மீட்டிங் எல்லாம் வழக்கம்போல நடந்தன. பாடாய்ப் படுத்தியது, மனிதர்களிடம் செய்யும் ஆய்வு அவர்களுக்குத் தீங்கு செய்யாதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிதான். அடுத்து இதே மாதிரி ஆய்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் நான் இழந்ததை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிறுவனத்தில் சமூக அறிவியலுக்கென்று தனிக் கமிட்டி கிடையாது. மருத்துவ ஆய்வுக்குத் தயாரித்த படிவத்தையே எங்களுக்கும் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயர், அளவு, ரத்த மாதிரியை எங்கே வைப்பீர்கள், பங்கேற்பவருக்குக் காப்பீடு உண்டா என்று போகும். எனக்குச் சம்பந்தமில்லாத கட்டங்களில் கோடு போட்டுக் கொடுத்ததற்கு, ஓரத்தில் பென்சிலால் ‘இன்கம்ப்ளீட்’ என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘பொருந்தாது’ என்று முழுதாக எழுதுங்கள். கோடு செல்லாது.

அடுத்த இடி, விண்ணப்பங்களைச் சரிபார்த்து வாங்குகிற மேஜையில் விழுந்தது.

“ஏரியா பர்மிஷன் லெட்டர் எங்கம்மா?”

“எந்த ஏரியா சார்? நான் வீட்டு வாசல்ல, வலை பின்ற இடத்துல உட்கார்ந்து பேசப் போறேன்.”

“ஆஸ்பத்திரின்னா டீன் லெட்டர், ஸ்கூல்னா ஹெச்எம் லெட்டர். தெருன்னா கார்ப்பரேஷன்ல வாங்கிட்டு வாங்க.”

மண்டல அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்காரவைத்துவிட்டு, தெருவில் மனுஷரோடு பேச யாரும் அனுமதி தரத் தேவையில்லை, அப்படி ஒரு கடிதம் கொடுக்கும் வழக்கமும் இல்லை என்றார்கள். அதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். முடியாது என்றார்கள். கடிதம் இல்லாததால் ஃபைல் அந்த மேஜையைத் தாண்டவில்லை. கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும், அந்தக் கூட்டம் போயிற்று. பிறகு கமிட்டியின் செயலாளரான மெம்பர் செக்ரட்டரியை நேரில் பார்த்தபோது அவர் சொன்னது: “அந்த லெட்டரே வேண்டாமே. ஊர் நிர்வாகிகள்கிட்ட தகவல் சொல்லிட்டு, அதை உங்க ஆய்வுத் திட்டத்துல ஒரு வரி எழுதுங்க, போதும்.”

மூன்று மாதம் போனதால் என்ன ஆயிற்று என்பது காசிமேடு தெரிந்தவர்களுக்குப் புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பது அப்போதுதான். வலையைச் சரிசெய்துகொண்டு, படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு, நின்று பேச நேரத்தோடு இருப்பார்கள். என் அனுமதி கைக்கு வந்தபோது படகெல்லாம் கடலுக்குள் போய்விட்டது. வருஷத்தில் ஒருமுறை கிடைக்கிற வாய்ப்பு, எந்த விதியும் கேட்காத ஒரு கடிதத்துக்காகப் போனதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கடலோரத்தில் ஆய்வு என்றால் ஜனவரிக்குள் விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும். மேஜையில் இருப்பவர் எது கேட்டாலும் அது விதியில் எங்கே இருக்கிறது என்று மெம்பர் செக்ரட்டரியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வருகிறது.

இடையில் தரவுப் பகுதியும் கைநழுவியது. ஃபேஸ்புக் பக்கங்களில் ஒரு செய்தி எப்படிப் பரவியது என்று பார்க்க எல்லோரும் நம்பியிருந்த கிரவுட்டேங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடிவிட்டது. ட்விட்டர் பதிவுகளை மொத்தமாக எடுக்க உதவிய இலவச ஏபிஐ வழி 2023லேயே போய்விட்டது. மாற்றாக, ஆய்வாளர்களுக்கென்று மெட்டா கன்டென்ட் லைப்ரரி இருக்கிறது, ஆனால் அதற்கு அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஐசிபிஎஸ்ஆர் என்ற தரவுக் காப்பகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, நம் நிறுவனமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எங்கள் இடத்தில் யார் போடுவது என்ற கேள்வியிலேயே அது நின்றது. எப்படியும் வாட்ஸ்அப் குரூப்புகளில் நடப்பது அதில் வராது. எனக்கு வேண்டியது வாட்ஸ்அப் என்பதால் அதை விட்டுவிட்டு, முழுக்க நேர்காணலுக்கு மாற்றினேன்.

கமிட்டிக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்வியை மட்டும் மரியாதையோடு சொல்ல வேண்டும். “பொய்ச் செய்தியைக் காட்டி, நம்புறீங்களான்னு கேட்டா, அதை நீங்களும் பரப்பினதா ஆகாதா?” நியாயமான கேள்வி. பொய்யான வாக்கியமாக இருந்தாலும் திரும்பத் திரும்பக் கேட்டால் உண்மைபோலத் தோன்றும் என்பது 1977லிருந்தே சோதனைகளில் தெரிந்த விஷயம். இங்கே அது வெறும் சோதனையும் இல்லை. 2017ல் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி போடவிடாமல் பல பெற்றோரைப் பின்வாங்க வைத்தது வாட்ஸ்அப் ஃபார்வர்டு. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர் என்ற வதந்தியால் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். எண்ணூரிலிருந்து பழவேற்காடு எவ்வளவு தூரம்?

அதனால் இப்படிச் செய்தேன். எதையும் யாருடைய போனுக்கும் அனுப்பவில்லை. ஃபார்வர்டுகளை அச்சடித்து லேமினேட் செய்த அட்டைகளாகக் கொண்டுபோனேன். ஈரக்கையோடு மீன் விற்கும் அக்காக்கள் தொட்டாலும் கெடாது. ஏற்கனவே சரிபார்த்துப் பொய் என்று நிரூபிக்கப்பட்ட பழைய செய்திகளை மட்டும் எடுத்தேன், பிள்ளை கடத்தல் அறவே கிடையாது. பேட்டி முடிந்ததும் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, எது பொய், எப்படித் தெரிந்தது என்று படித்துக்காட்டி, அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் எழுவேன். கமிட்டி இதை உடனே ஏற்றுக்கொண்டது.

இன்னொருவர், ஏற்கனவே உலகம் முழுக்கப் பயன்படும் வினாத்தாள் இருக்க, புதிதாக எதற்கு என்றார். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் வருஷாவருஷம் வெளியிடும் டிஜிட்டல் நியூஸ் ரிப்போர்ட்டில் இந்தியாவுக்கு 2024ல் செய்தி மீதான நம்பிக்கை 41 சதவீதம். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு ஆங்கிலம் தெரிந்த, ஆன்லைனில் செய்தி படிப்பவர்களிடம் எடுத்தது, அறிக்கையே அதைச் சொல்கிறது. காசிமேட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் சாயந்திரம் பையன் கையில். அங்கே எந்தச் சேனலை நம்புகிறீர்கள் என்று கேட்பதைவிட, இதை யார் அனுப்பினார்கள், எந்த குரூப், எழுத்தா வாய்ஸா என்று கேட்டால்தான் பதில் வரும் என்று வாதாடினேன். விட்டார்கள்.

விடாத விஷயம் ஒன்றுதான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கட்டாயம்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில் ஆரம்பித்தேன். கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுக்கிறார்கள், மணிக்கணக்கில் பேசுகிறார்கள், படிவத்தை எடுத்ததும் முகம் மாறுகிறது. “இன்னாத்துக்கும்மா கையெழுத்து?” சீக்கிரமே தெருவில் யாருமே பேசவில்லை. ஒரு அக்காதான் போனைத் திருப்பிக் காட்டினார். தெரு குரூப்பில் என் போட்டோ, முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்தது. தோளில் என் நீலப் பை, கையில் ரைட்டிங் பேட். கீழே: ‘இந்தப் பொண்ணு கையெழுத்து வாங்கிட்டுப் போவுது. வீட்டக் காலி பண்ண லிஸ்ட் எடுக்குறாங்க. யாரும் போடாதீங்க.’

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அக்கா விளக்கமாகச் சொன்னார். “முன்னாடியும் இப்படித்தான் நோட்டத் தூக்கிக்கினு வந்து, எத்தினி பேரு, எத்தினி வருசமா கீறீங்கன்னு கேட்டாங்க. அப்பால எங்க சின்னம்மா குடும்பத்தை ஊருக்கு அந்தாண்ட பெரும்பாக்கம் குடியிருப்புக்கு ஏத்திட்டாங்க. இங்கருந்து அங்க போயி எப்படி மீன் விக்கும் அது?” கணக்கெடுப்பு நடந்தால் பின்னாடியே லாரி வரும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்த ஃபார்வர்டில் என்னைப் பற்றிச் சொன்னது பொய். அதை நம்பியவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை.

களத்தை நிறுத்திவிட்டுத் திருத்த விண்ணப்பம் போட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளில், கமிட்டி பரிசீலித்து அனுமதித்தால் வாய்மொழி ஒப்புதல் வாங்க இடமிருக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அடிக்கோடிட்டு இணைத்தேன், கூடவே பெயர் மறைத்த அந்த ஸ்கிரீன்ஷாட்டும். புதிய முறை இதுதான்: தமிழில் ஒரு பக்கத் தகவல் தாள், அதில் என் பெயர், கைடு பெயர், போன் எண். கையெழுத்துப் போடுவது நான், வைத்துக்கொள்வது அவர்கள். சம்மதத்தை அவர்கள் வாயால் சொல்ல, ஒரு சாட்சி கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் நிறைவேறியது. முதல் விண்ணப்பத்திலேயே இதைக் கேளுங்கள்.

தாள் மட்டும் போதவில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவை நடத்தும் அந்த அக்காவே தாளை முழுக்கப் படித்துவிட்டு, குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டார். “நான் பாத்துட்டேன். ஆதார் கேக்கல, வீட்டு நம்பர் கேக்கல. கையெழுத்து அந்தப் பொண்ணுதான் போட்டுக் குடுக்குது. பேசுறவங்க பேசுங்க.” மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையிலேயே எனக்கு இடம் போட்டுக் கொடுத்தார்கள். என் வினாத்தாள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதிலே அந்த வாய்ஸ்தான். தெரிந்த குரல், ஏமாற்றினால் நாளைக்கே வாசலில் நின்று கேட்கக்கூடிய ஆள்.

எண்ணூர்ப் பகுதி சிக்கலில்லாமல் முடிந்தது. ஆனால் பெரியகுப்பத்தில் கேட்டது மனதைவிட்டுப் போகவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தபோது, கண் எரிந்து மூச்சு முட்டி ஊரே ஓடியது. “குரூப்புல ஓடுங்கன்னு வந்துச்சு, ஓடினோம். டிவி பாத்துட்டா ஓட முடியும்?” என்றார் ஒரு அம்மா. ‘பகிரும் முன் சரிபாருங்கள்’ என்ற அறிவுரையை அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? 2019 தேர்தல் சமயம் பீகாரில் 1,224 பேரிடம் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் செய்த களச் சோதனையில், பயிற்சி கொடுத்தும் பொய்ச் செய்தியை அடையாளம் காண்பதில் ஒட்டுமொத்தமாகப் பெரிய மாற்றம் வரவில்லை. அது ஏன் என்று எண்ணூரில் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அதை ஓர் அத்தியாயமாகவே எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. அனுமதிக் கடிதத்தில் ஒரு வருஷம்தான் செல்லும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பேட்டிகளை எழுத்தாக்கும் வேலை பாக்கி இருந்தாலும் முன்னேற்ற அறிக்கை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள்.